சான்றிதழ் பேசாது

ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் உலகின் பல நாடுகளில் ஒரே தேர்வு நடக்கிறது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு என்பது அதன் பெயர். எழுதுகிறவர்கள் ஜேஎல்பிடி என்பார்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் தமிழ்நாடு மையம் பல ஆண்டுகளாக இதை நடத்திவருகிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், அனிமே பார்த்தே மொழி மேல் பிரியம் கொண்ட பள்ளிப் பிள்ளைகள் என்று பல தரப்பினரும் எழுதுகிறார்கள். அண்மைக் காலத்தில் இன்னொரு தரப்பும் சேர்ந்திருக்கிறது. நர்சிங் படித்த பெண்கள், ஐடிஐ, டிப்ளமோ முடித்த இளைஞர்கள். இவர்களுக்கு ஜப்பானிய மொழி என்பது வீட்டுக் கடனை அடைப்பதற்கும், தம்பி தங்கையைப் படிக்க வைப்பதற்கும் உள்ள வழி.

இந்தக் கட்டுரை அவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. ஜேஎல்பிடி ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட நல்ல தேர்வு, அதில் ஐயமில்லை. ஆனால், அந்தத் தேர்வு அளக்காத திறமைக்கும் அதன் சான்றிதழையே சாட்சியாக நாம் எடுத்துக்கொள்கிறோம். சான்றிதழ் வாங்குவதுதான் மொழி கற்பது என்று பயிற்சி மையங்கள் பல நடந்துகொள்கின்றன. பெற்றோரும் அப்படியே நம்புகிறார்கள். அதனால் வரும் தவிப்பை, வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பிள்ளைகள் தனியாக அனுபவிக்கிறார்கள்.

பட்டியல் போன பிறகும்

ஜப்பான் பவுண்டேஷனும் ஜப்பானியக் கல்விப் பரிமாற்ற அமைப்பும் நடத்தும் இத்தேர்வு 1984-ல் தொடங்கியது. முதல் ஆண்டில் எழுதியவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். இன்று ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள். தொடக்கத்தில் நான்கு நிலைகள் இருந்தன. 2010-ல் அவை ஐந்தாயின. என்5 அடிநிலை, என்1 உச்சநிலை. பழைய மூன்றாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே மாணவர்கள் தடுமாறிக்கொண்டிருந்த பெரிய இடைவெளியை நிரப்ப என்3 புதிதாகச் சேர்க்கப்பட்டது.

அதே சீர்திருத்தத்தில் நடந்த இன்னொரு மாற்றத்தை நம் மாணவர்கள் பலர் அறிவதில்லை. பழைய தேர்வில் ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை சொல், இத்தனை கான்ஜி (சீன எழுத்து) என்று அதிகாரபூர்வமான அளவு இருந்தது. அடிநிலைக்கு 800 சொற்கள், 100 கான்ஜி. உச்சநிலைக்கு 10,000 சொற்கள், 2,000 கான்ஜி. 2010-க்குப் பிறகு அப்படிப்பட்ட பட்டியல் வெளியிடப்படுவதில்லை. தெரிந்த சொல்லையும் இலக்கணத்தையும் கொண்டு ஒரு காரியத்தை முடிக்க முடிகிறதா என்பதே முக்கியம் என்று தேர்வை நடத்துகிறவர்களே நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். இன்று ‘என்4 சொற்பட்டியல்’ என்ற பெயரில் விற்பவை எல்லாம் பதிப்பகங்களும் ஆசிரியர்களும் ஊகித்துத் தொகுத்தவை. ஆனாலும் நம் வகுப்பறைகள் பலவற்றில் அந்தப் பட்டியலை உருப்போடுவதே பாடமாக இருக்கிறது.

115 நிமிடங்களில் என்ன நடக்கிறது?

வேலைக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது என்4. சொல்லுக்கும் எழுத்துக்கும் 25 நிமிடம், இலக்கணத்துக்கும் வாசிப்புக்கும் 55 நிமிடம், கேட்டலுக்கு 35 நிமிடம். எல்லாமே, கொடுத்திருக்கும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்து பென்சிலால் வட்டத்தை நிரப்பும் வினாக்கள். கட்டுப்பாடு கடுமை. அறைக்குள் கைபேசி ஒலித்தால் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும்.

அந்தக் கேட்டல் பகுதியில் வரும் ஒருவகைக் கேள்வி இப்படி அமையும். அலுவலகத்தில் ஓர் ஆணும் பெண்ணும் பேசுகிறார்கள். அந்தப் பெண் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. இந்தத் தாள்களைப் பிரதி எடுத்துவிடுங்கள் என்கிறார் அந்த ஆண். சரி என்கிறார் அந்தப் பெண். கூட்ட அறையில் நாற்காலி போதாதே என்று அவரே நினைவுபடுத்துகிறார். அதை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்கிறார் அந்த ஆண். பேச்சு முடியும் நேரத்தில், பிரதி எடுப்பதற்கு முன் வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள் என்கிறார். அந்தக் கடைசி வரியைத் தவறவிட்டவர் விடையைத் தவறவிட்டார். இன்னொரு வகையில், ஒரே ஒரு வாசகம் காதில் விழும். அதற்கு மூன்று பதில்களும் ஒலியாகவே வரும். தாளில் எதுவும் அச்சாகியிருக்காது. எது பொருத்தமான பதில் என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

இவை சிந்தித்து அமைக்கப்பட்ட கேள்விகள். உண்மையிலேயே காது பழகியிருந்தால்தான் விடை சொல்ல முடியும். ஆனால், இந்த 115 நிமிடங்களில் ஒருவர் ஒரு சொல்லைக்கூட வாய் திறந்து பேச வேண்டியதில்லை. ஓர் எழுத்தைக்கூடத் தன் கையால் எழுத வேண்டியதில்லை. என்4-க்கு மட்டும் அல்ல, என்1 வரைக்கும் இதுதான் நிலை.

மதிப்பெண் கணக்கையும் பார்க்க வேண்டும். மொத்தம் 180. என்4 தேற 90 போதும். அதோடு, மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த 120-ல் குறைந்தது 38, கேட்டலுக்கான 60-ல் குறைந்தது 19 எடுக்க வேண்டும். மொழியறிவில் 110 எடுத்து, கேட்டலில் 18 எடுத்தவர் தோற்றுவிடுவார். அதுவரை நல்ல ஏற்பாடுதான். ஆனால், மொழியறிவில் 71, கேட்டலில் 19 எடுத்தவர் தேறிவிடுவார். வினாக்களின் தன்மைக்கேற்பச் சீர்செய்யப்பட்ட மதிப்பெண்கள் இவை என்பது உண்மையே. என்றாலும், 60-க்கு 19 என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜப்பானியர் பேசுவதைச் சரியாகப் பின்தொடர முடியாத ஒருவர், தேறியவர் என்ற சான்றிதழோடு விமானம் ஏற முடியும்.

தேர்ச்சி என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு வேறுபாட்டை மூடி மறைக்கிறது என்பதைத் தேர்வு அமைப்பாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2025 டிசம்பர் தேர்விலிருந்து, ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி எந்தப் படி என்பதையும் குறிப்புக்காகச் சேர்த்துத் தருகிறார்கள். என்2-ல் 90 எடுத்தவரும் தேறியவர், 112 எடுத்தவரும் தேறியவர்; ஆனால், முன்னவர் பி1, பின்னவர் அதற்கு மேற்படியான பி2. மதிப்பெண்ணைப் பார்க்காமல் சான்றிதழை மட்டும் பார்ப்பது தவறு என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

அளவுகோல் நுழைவாயிலானது

மொழி கற்பவர் தன் வளர்ச்சியைத் தானே அறிந்துகொள்ள உதவியாகத் தொடங்கிய தேர்வு இது. அதன் மேல் குடியேற்றத்தின் பாரம் பிறகு ஏறியது. ஜப்பான் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் 65 வயதைக் கடந்தவர்கள். 2024-ல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. முதியோரைப் பராமரிக்கவும், வயலிலும் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் வேலை செய்யவும் ஆள் இல்லை. எனவே, 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ என்ற புதிய விசாவை ஜப்பான் கொண்டுவந்தது. அதற்கு, தொழில் சார்ந்த திறன் தேர்வோடு என்4 அல்லது ஜப்பான் பவுண்டேஷனின் ஜேஎஃப்டி-பேசிக் தேர்வில் தேற வேண்டும். கணினியில் எழுதும் அந்தத் தேர்விலும் 250-க்கு 200 எடுத்தால் போதும்; வாய் திறந்து பேச வேண்டிய பகுதி அதிலும் கிடையாது.

இத்திட்டத்துக்காக இலங்கையோடு 2019-லும் இந்தியாவோடு 2021-லும் ஜப்பான் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடியின் ஜப்பான் பயணத்தின்போது, ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே ஐந்து லட்சம் பேர் பரிமாறிக்கொள்ளப்படுவார்கள், அவர்களில் 50,000 பேர் இந்தியாவிலிருந்து செல்லும் திறன் பெற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. உயர்திறன் வல்லுநர்களுக்கான விசாவில் என்1-க்கு 15 புள்ளிகள், என்2-க்கு 10 புள்ளிகள் கிடைக்கின்றன. ஒரு தேர்வின் முடிவைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு தீர்மானமாகும் நிலை வந்துவிட்டது.

நர்சிங் படித்த பெண்களுக்கு இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர், ஜப்பானில் செவிலியராகப் பணியாற்ற அந்நாட்டின் உரிமத் தேர்வில் தேற வேண்டும். அதை எழுத அனுமதி பெறுவதற்கே என்1 வேண்டும். என்4 சான்றிதழோடு போகிறவர் முதியோர் பராமரிப்புப் பணியாளராகவே போகிறார். அது மதிப்புக்குரிய வேலை. மனம் ஒப்பிச் செய்யலாம். ஆனால், செவிலியர் வேலை என்று நினைத்துக்கொண்டு கடன் வாங்கிப் பணம் கட்டும் குடும்பத்துக்கு, இந்த வேறுபாட்டைச் சேர்க்கையின்போதே சொல்லாமல் விடுவது அநீதி.

காலை மாற்றுப்பணி நேரம்

ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடிந்து பகல் பணி தொடங்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். இரவுப் பணியாளர் அடுத்து வருகிறவர்களிடம் நிலவரத்தை ஒப்படைக்க வேண்டும். மோஷி ஒகுரி என்று அதைச் சொல்வார்கள். மூன்றாம் அறைப் பாட்டி இரவில் எத்தனை முறை எழுந்தார், யார் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார், யாருக்கு லேசாகச் சுரம், யார் மாத்திரை வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார், கழிப்பறைக்குப் போகும்போது கால் தடுமாறியவர் யார் என்பதையெல்லாம் சுருக்கமாகவும் பிசகில்லாமலும் சொல்ல வேண்டும். பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் பகலில் ஒருவர் கீழே விழலாம். ஒரு மாத்திரை இரண்டு முறை உள்ளே போய்விடலாம்.

அந்த முதியவர்களின் பேச்சு, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான தெளிவான டோக்கியோப் பேச்சாக இருக்காது. ஒசாகாக்காரர் ஒரு விதமாகப் பேசுவார், வடகிழக்கு தோஹோகு பகுதிக்காரர் வேறு விதமாகப் பேசுவார். பல் இல்லாத வாயில் பாதிச் சொல் மறைந்துபோகும். முதியவரிடம் பேசும் பணிவு வேறு, உடன் வேலை பார்ப்பவரிடம் பேசும் தோரணை வேறு. இந்த இடத்தில் புதிதாக வந்தவர் செய்யக்கூடிய ஆபத்தான காரியம், புரியாவிட்டாலும் ‘ஹை, ஹை’ (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவது. மறுபடி சொல்லுங்கள், எனக்குப் புரியவில்லை, நான் புரிந்துகொண்டது இது, சரியா என்று கேட்கும் துணிவு வாய் பழகினால்தான் வரும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே மொழி படித்தவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

இதற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு வகுப்பில் மாதிரித் தேர்வுக்கு மேல் மாதிரித் தேர்வு வைக்கப்படுகிறது. விடை தெரியாதபோது எதை நீக்கி எதை ஊகிப்பது என்பதுவரை சொல்லித் தருகிறார்கள். சென்செய்யிடம் (ஆசிரியரிடம்) ஜப்பானிய மொழியில் ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கி, மறுகேள்வி கேட்கும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. தேர்வில் வராததைப் பாடத்தில் வைக்க மையங்களுக்கு மனம் வருவதில்லை; தேர்ச்சி விழுக்காடுதானே அவற்றின் விளம்பரம்!

நம் பலம் இருக்கும் இடம்

வருத்தம் என்னவென்றால், தமிழ்ப் பிள்ளைகளின் இயல்பான பலம் பேச்சிலும் கேட்டலிலும்தான் இருக்கிறது. சீன மாணவர்களுக்கு எழுத்து ஏற்கெனவே பாதி தெரியும். கான்ஜியைப் பார்த்தே பொருளை ஊகித்து வாசிப்பில் மதிப்பெண் அள்ளுவார்கள். நமக்கோ ஒவ்வொரு கான்ஜியும் புதிய மலை. ஆனால், வாக்கியம் என்று வந்தால் ஜப்பானிய மொழி நமக்குப் பழகிய பாதையில் நடக்கிறது. வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபுபோல ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. ‘நேற்று நான் கடையில் வாங்கிய புத்தகம்’ என்று பெயருக்கு முன்னால் எவ்வளவு நீளமான தொடரையும் நாம் அடுக்குகிறோமே, அதே அடுக்கு அங்கேயும் உண்டு. செய்து பார், செய்து வை, செய்துவிடு என்று நாம் துணைவினை சேர்ப்பதுபோலவே அவர்களும் சேர்க்கிறார்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் பொருள் மாறும், ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும் என்பதெல்லாம் நம் காதுக்குப் பிறந்தது முதல் பழக்கம்.

ஜப்பானிய மொழியும் தமிழும் உறவு மொழிகள் என்று அறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். மொழியியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் தன் போக்கில் நடக்கட்டும். வாக்கிய அமைப்பில் உள்ள ஒப்புமை கண்முன்னே இருக்கிறது. வகுப்பறைக்கு அது போதும். ஜேஎல்பிடி இலக்கணப் பகுதியில், கலைத்துப்போட்ட நான்கு சொற்றொடர்களை வரிசைப்படுத்தி, நட்சத்திரக் குறி இட்ட இடத்தில் எது வரும் என்று கேட்பார்கள். தமிழில் யோசிக்கத் தெரிந்த பிள்ளை அதை வேகமாகப் போட்டுவிடும். ஆனால், நாம் என்ன செய்கிறோம்? ஆங்கில விளக்கம் கொண்ட பாடநூலை வைத்து, தமிழுக்கு நேராக இருக்கும் இலக்கணத்தை ஆங்கிலம் வழியே தலைகீழாக்கி, பிறகு அதை மறுபடி நிமிர்த்தச் சொல்கிறோம். தமிழ் வழியில் படித்து வந்த ஐடிஐ மாணவர் ஒரு மொழியைக் கற்க இரண்டு மொழிகளோடு மல்லுக்கட்டுகிறார். எளிதாக இருக்க வேண்டியதை நாமே கடினமாக்கிவிட்டு, ஜப்பானிய மொழி கஷ்டம் என்று முத்திரை குத்துகிறோம்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஜப்பானிய மொழியைத் தமிழ் வழியே கற்பிக்கும் தரமான பாடநூல்களும் ஒலிப்பதிவுகளும் அரசு முயற்சியில் உருவாக வேண்டும். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும், அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், தமிழ்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் இது பெரிய காரியமல்ல. ஜப்பானில் வாழ்வதற்கும் வேலை செய்வதற்கும் என்னென்ன பேசத் தெரிய வேண்டும் என்பதையே அடிப்படையாக வைத்து ஜப்பான் பவுண்டேஷன் உருவாக்கிய ‘இரோதோரி’ பாடநூலை இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பட்டியலை விட்டு அதை வகுப்புக்குள் கொண்டுவர எந்த மையத்துக்கும் செலவில்லை.

இரண்டாவதாக, அரசு உதவியோடு வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் புறப்படுவதற்கு முன் பேச்சுத் தேர்வு கட்டாயமாக வேண்டும். அதில் கேள்விகள் வேலையிடத்திலிருந்து வரட்டும். மாற்றுப்பணி ஒப்படைப்பைச் சொல்லிக் காட்டட்டும். புரியாத கட்டளையை மறுபடி கேட்கட்டும். உடல்நலமில்லை என்று மேலதிகாரிக்குப் போனில் தெரிவிக்கட்டும். இந்த மூன்றும் முடியாதவரை அனுப்புவது அவருக்கும் ஆபத்து, அவர் பார்த்துக்கொள்ளும் முதியவருக்கும் ஆபத்து.

மூன்றாவதாக, ஜப்பானுக்கும் பொறுப்பு உண்டு. ஆள் வேண்டும் என்று அழைக்கிற நாடு, தன் விசாவுக்கு அடிப்படையான தேர்வில் பேச்சுப் பகுதியைச் சேர்க்க வேண்டும். பத்து லட்சம் பேருக்குப் பேச்சுத் தேர்வு வைப்பது கடினம் என்பது நியாயமே. அப்படியானால், முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளுக்காவது தனியாக வைக்கலாம். வந்து சேர்ந்தவர்கள் வேலை நேரத்துக்குள்ளேயே, சம்பளத்தோடு மொழி கற்க நேரம் ஒதுக்கும்படி முதலாளிகளுக்குச் சொல்லலாம். இரவுப் பணி முடிந்து களைத்து வந்தவரை, உன் சொந்த நேரத்தில் படித்து என்3-க்கு வா என்று சொல்வது கருணையும் ஆகாது, திட்டமும் ஆகாது.

நான்காவது, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும். எந்த மையத்தில் சேர்வதாக இருந்தாலும், எத்தனை பேர் தேறினார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டாதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளைகள் ஜப்பானிய மொழியில் வாய் திறந்து பேசுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டல் பகுதியில் அவர்கள் எடுத்த மதிப்பெண் எவ்வளவு என்று கேளுங்கள். போன மாணவர் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். என்ன வேலை, என்ன விசா, செவிலியரா பராமரிப்புப் பணியாளரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேர்வை எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள், முடிந்தவரை என்3 வரை போங்கள். ஆனால், தேர்ச்சி அறிவிப்பு வந்த அன்று படிப்பு முடிந்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிட வேண்டாம். வேலையிடத்தில் யாரும் சான்றிதழை எடுத்துப் பார்க்கப்போவதில்லை. நீங்கள் பேசுவதைத்தான் கேட்கப்போகிறார்கள். அதற்குத் தயாராக்கும் வகுப்பைக் கேட்டு வாங்கும் உரிமை, பணம் கட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்கிறது.